கோத்தகிரி டீ ஃபேக்டரியில் மூன்று வால்வு மாற்றிய கதை

ராத்திரி பதினொன்றரைக்கு டிரையரை நிறுத்திவிட்டு ரேடியேட்டர் பக்கம் போனால் முகத்தில் அனல் அடித்தது. ஸ்டீம் வால்வை மூடி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வீலைப் பிடித்து இன்னொரு இறுக்கு இறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. மூடித்தான் இருக்கிறது, ஆனாலும் ஸ்டீம் ஆறிய தண்ணீரை வெளியேற்றும் ட்ராப் டிக் டிக் என்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பாய்லர் அட்டெண்டர் அண்ணன் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் முனையை வால்வின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். "பாஸ் ஆகுது தம்பி. உள்ளே சீறுது, நீயே கேளு."

கேட்டேன். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே ஒரு மெல்லிய சத்தம், அதேதான்.

எங்களுடையது கோத்தகிரிக்குக் கீழே உள்ள ஃபேக்டரி. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி சி.டி.சி. தூள், அதாவது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் தூள், போடுகிறோம். இந்தப் பக்கம் நிறைய இடங்களில் விறகு அடுப்பில் நேராகக் காற்றைச் சூடாக்கி டிரையருக்கு விடுவார்கள். எங்களிடம் விறகு பாய்லர். 8 கிலோ அழுத்த ஸ்டீமை (சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ) ரேடியேட்டரில் ஓடவிட்டு அந்தச் சூட்டில்தான் காற்று டிரையருக்குப் போகும். வால்வு சரியாக மூடவில்லை என்றால் ராத்திரி முழுக்க விறகு வீண், காலையில் போடும் முதல் லாட்டில் கருகல் வாடை. இரண்டுமே முதலாளி காதுக்குப் போக அதிக நேரம் எடுக்காது.

ஞாயிற்றுக்கிழமை லைனை ஆறவிட்டு வால்வைத் திறந்தோம். 2 அங்குல கன்மெட்டல் கேட் வால்வு. யார் எப்போது போட்டது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போனட் என்ற மேல்மூடியைக் கழற்றி, உள்ளே கதவு மாதிரி ஏறி இறங்கும் கேட்டை எடுத்து வேட்டித் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், கீழ் விளிம்பில் மூன்று கோடுகள். ஆணியால் கீறியது மாதிரி நேர்க்கோடு, நகத்தை வைத்து இழுத்தால் நகம் அதில் இறங்கியது. கேட் வந்து உட்காரும் சீட்டிலும் அதே இடத்தில் அதே கோடுகள். ஃபிட்டர்கள் இதை வயர் டிராயிங் என்பார்கள்.

காரணம் நாங்கள்தான். டிரையர் சூடு ஏறினால் அந்தக் கேட் வால்வைக் கொஞ்சம் மூடுவோம், இறங்கினால் கொஞ்சம் திறப்போம். வருடக்கணக்காக அப்படித்தான். கேட் வால்வு என்பது கதவு: முழுக்கத் திற, இல்லை முழுக்க மூடு. பாதித் திறப்பில் நிறுத்தினால் ஸ்டீம் முழுவதும் கேட்டின் அடி விளிம்பில் இருக்கும் பிறை மாதிரியான சந்து வழியாகப் பாய்கிறது. ஸ்டீமில் தண்ணீர்த் துளி கலந்திருந்தால், எங்கள் விறகின் ஈரத்துக்கும் பாய்லர் ஏறி இறங்கும் லட்சணத்துக்கும் கலந்துதான் இருக்கும், அந்தத் துளி உளி மாதிரி வேலை செய்யும். கன்மெட்டல் உளிக்கு முன்னால் வெண்ணெய். 85 பங்கு செம்பு, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் மூன்றும் தலா 5 பங்கு, நம் ஊர் கன்மெட்டல் வால்வுகளில் வழக்கமாக வரும் கலவை அதுதான். 175 டிகிரியில் அது ஒன்றும் இளகிவிடாது. பாய்ச்சலைத்தான் தாங்காது.

அன்றைக்கு நான் செய்தது ஒரு முட்டாள்தனம், அதையும் எழுதிவிடுகிறேன். கண்ணாடித் தகடு மேல் கிரைண்டிங் பேஸ்ட் தடவி கேட்டின் இரு முகத்தையும் எட்டு போடுவது போலத் தேய்த்து, நீல மை வைத்துப் பார்த்து, சுற்றிலும் மை ஒட்டுகிறது என்று மகிழ்ந்து மாட்டிவிட்டேன். நாலு மணி நேர வேலை. ஒன்பது நாள் நின்றது, பத்தாவது நாள் மறுபடி சீறல். கேட்டைத் தேய்க்கலாம், உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சீட்டை அந்த அளவுக்குத் தேய்க்க வழியில்லை. தவிர, தேய்த்த பிறகும் அதைப் பாதித் திறப்பில்தானே ஓட்டினோம்.

அதற்குப் பிறகுதான் வால்வின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். ஐ.எஸ். 778. அது தண்ணீர்க் குழாய் வேலைக்கான செம்புக் கலவை கேட், குளோப், செக் வால்வுகளுக்கான இந்தியத் தரம். அழுத்தம் என்று அதில் போட்டிருப்பது குளிர்ந்த தண்ணீருக்கான கணக்கு. முத்திரை பொய்யில்லை, வால்வும் போலியில்லை, இருந்த இடம்தான் தப்பு.

சரி, புதிதாக என்ன போடுவது? கோவையில் விசாரித்தபோது ஒரு கடையில், ஓட்டை போட்ட உருண்டை உள்ளே திரும்பி மூடும் பால் வால்வைக் காட்டினார்கள். "கால் சுற்றுதான் சார், பாஸே ஆகாது." உள்ளே பி.டி.எஃப்.இ., அதாவது டெஃப்லான் சீட். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் அருமையான பொருள், சூடு ஏற ஏற அது தாங்கும் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும், 175 டிகிரியில் தினமும் சூடாகி ஆறினால் மெல்ல வழிந்து உருக்குலையும். அதைவிட முக்கியம், அதையும் நாங்கள் பாதித் திறப்பில்தான் வைப்போம், எங்களை எனக்குத் தெரியும். இன்னொருவர் முழுக்க எஸ்.எஸ். போடச் சொன்னார். ஸ்டெயின்லெஸ் என்றால் பலம் அதிகம் என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஆஸ்மி பி16.34 என்ற அமெரிக்க வால்வுத் தரத்தின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால் 150 கிளாஸில் சாதாரணக் கார்பன் ஸ்டீல் வார்ப்பான டபிள்யூ.சி.பி. 38 டிகிரியில் 19.6 பார் (1 பார் ஏறக்குறைய நம் 1 கிலோ), 316 வகை ஸ்டெயின்லெஸ் வார்ப்பான சி.எஃப்.8.எம். 19.0 பார். 200 டிகிரியில் 13.8, 13.7. வித்தியாசம் துருவில் இருக்கிறது, பலத்தில் இல்லை. சுத்தமான ஸ்டீமுக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையே இல்லை.

அந்த 150 என்பதும் பலரைக் குழப்புகிற எண். அது 150 பவுண்டு இல்லை, 150 கிலோவும் இல்லை, வகுப்பின் பெயர். எவ்வளவு தாங்கும் என்பது பொருளையும் சூட்டையும் பார்த்துத்தான். எங்களுக்கு 8 கிலோ, 175 டிகிரி. 200 டிகிரியிலேயே 13.8 பார் தாங்குகிற வால்வு போதும்.

முடிவு இப்படி ஆனது: மூடித் திறக்க ஒன்று, சூட்டைக் கட்டுப்படுத்த ஒன்று என்று இரண்டு வால்வுக்குக் காசும் இல்லை, லைனில் இடமும் இல்லை. அதனால் ஒரே குளோப் வால்வு. குளோப்பில் டிஸ்க் என்ற மூடி சீட்டுக்கு நேர் எதிரே ஏறி இறங்கும், அளவு கட்ட அதற்குக் கேட்டைவிட நன்றாகவே வரும். உடம்பு டபிள்யூ.சி.பி., டிஸ்க்கில் 13 சதவீதக் குரோமியம் ஸ்டீல், சீட் முகத்தில் ஸ்டெல்லைட் என்ற கடினமான கோபால்ட் கலவைப் பூச்சு. அதையும் கிட்டத்தட்ட மூடிய நிலையில், அரை மில்லி சந்து மட்டும் விட்டு ஓட்டினால் இதே கதைதான், கொஞ்சம் தாமதமாக.

பிறகு காகிதம். 3.5 கிலோவுக்கு மேல் ஸ்டீம் போகும் குழாய் ஐ.பி.ஆர். வரம்புக்குள் வருகிறது, அதாவது 1950-ம் வருட இந்திய பாய்லர் ஒழுங்குமுறை. வால்வுக்குப் படிவம் மூன்று-சி என்ற சான்றிதழ் வேண்டும். ஒரு கடையில், "வால்வு அதேதான் சார், காகிதம் இல்லாமல் எடுத்தால் முப்பது சதவீதம் குறைச்சுக்கலாம்" என்றார்கள். வேறு கடையில் காகிதத்தோடு வாங்கினேன். வாங்கி வந்து வால்வின் வயிற்றில் வார்ப்போடு சேர்ந்து புடைத்து நிற்கும் ஹீட் நம்பரை, அதாவது எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்ணை, விரலால் தடவி ஒவ்வொன்றாகப் படித்தேன், பெயின்ட் அடைத்திருந்ததால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. சான்றிதழில் கடைசி இரண்டு எண் வேறு. ரிவெட் அடித்த பெயர்த் தகடு மட்டும் சான்றிதழோடு அழகாகப் பொருந்தியது. தகட்டை யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம், வார்ப்பில் இருக்கும் எண்ணை மாற்ற முடியாது. திருப்பி அனுப்பினேன். அவர்கள் மறுபேச்சு பேசாமல் மாற்றிக் கொடுத்ததே எனக்கு இன்னும் சந்தேகம்.

இரண்டாவது வால்வு சரியான எண்ணோடு மேட்டுப்பாளையம் ரோடு ஹேர்பின் எல்லாம் சுற்றி பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, நான் போல்ட்டை நுழைத்தேன். முதல் போல்ட் போனது. அடுத்தது போகவில்லை. வால்வைத் திருப்பினோம், ஆட்டினோம், அட்டெண்டர் அண்ணன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அப்போதும் போகவில்லை. டேப் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. போல்ட் போடும் வட்டத் தகடான ஃபிளாஞ்ச்சின் வெளிவட்டம் இரண்டுக்கும் 6 அங்குலம், ஓட்டை நாலு நாலு, போல்ட் கனமும் ஒன்றே. ஓட்டைகளின் மையம் போகும் வட்டம்தான் வேறு. பழைய லைனில் 114 மில்லி, புது வால்வில் 120.7.

பழைய லைன் பிரிட்டிஷ் ஃபிளாஞ்ச் தரமான பி.எஸ். 10, டேபிள் ஈ. இங்கே பழைய ஃபேக்டரிகளில் வெள்ளைக்காரன் காலத்து மெஷினோடு வந்த அளவு, மெஷின் போன பிறகும் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. புதுசு அமெரிக்க 150 கிளாஸ். இதே 2 அங்குலத்தில் பி.என். 16, அதாவது 16 பாருக்கான ஐரோப்பிய அளவு, கேட்டிருந்தால் 125 மில்லி, அதுவும் சேராது. வால்வு ஆர்டர் செய்யும்போது நான் அளந்தது வெளிவட்டத்தை மட்டும். ஒரு நிமிட வேலை, எட்டு வாரம் தள்ளிப்போட்டது.

"அரத்தைப் போட்டு ஓட்டையை நீட்டிவிடலாம், மூணு மில்லிதானே" என்று ஃபிட்டர் தம்பி சொன்னான். தண்ணீர் லைனாக இருந்தால் நானே ராவியிருப்பேன். ஸ்டீமில் கேஸ்கெட் மையம் தப்பி, போல்ட் தலை பாதி ஓட்டை மேல் பாதி காற்றில் உட்கார்ந்து, அதற்குப் பக்கத்தில் தினமும் ஒருவர் நிற்கிறார். ஃபிளாஞ்சை மாற்றி வெல்டு வைக்கத்தான் வேண்டும், அதற்கு ஐ.பி.ஆர். தகுதி உள்ள வெல்டர் வேண்டும். வருடாந்திர பாய்லர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு எப்படியும் நிறுத்துவோம், அதுவரை பழையதையே ஓட்டுவது என்று முடிவானது. ராத்திரியில் பாய்லர் மெயின் வால்வையே மூடிவிடுவோம்.

இந்த எட்டு வாரத்துக்குள் இன்னும் இரண்டு வால்வு எங்களைச் சோதித்தது.

ஒன்று ஃபேக்டரித் தண்ணீர். சோலைக்காட்டு ஓரத்து ஊற்றுத் தொட்டியிலிருந்து 2 அங்குல ஜி.ஐ. குழாய் தேயிலைச் சரிவில் 400 மீட்டர் இறங்கி வருகிறது. பம்ப் கிடையாது, மலைதான் பம்ப். கீழே ஒரு பித்தளை பால் வால்வு. வாட்ச்மேன் அண்ணன் ராத்திரி தொட்டி நிரம்பியதும் அந்த லீவரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி மூடுவார், டொம் என்று தொழிலாளர் லயன் வீடு வரை கேட்கும். ஜனவரியில் ஒரு காலை லீவர் கையோடு வந்துவிட்டது, லீவரை உருண்டையோடு இணைக்கும் ஸ்பிண்டில் முறிந்திருந்தது. உறைபனி வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஊட்டிப் பள்ளத்தாக்கில் அப்படி நடக்கும், எங்கள் உயரத்தில் அன்றைக்குப் புல் மேல்கூட வெள்ளை இல்லை. முறிந்த முகத்தைப் பார்த்தேன். நடுவில் மட்டும் பித்தளை மஞ்சள், சுற்றிலும் செம்புச் சிவப்பு. சாவி முனையால் நோண்டினால் அந்தச் சிவப்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் தண்ணீரோடு போய்விட்டு செம்பு சல்லடையாக நின்றுவிட்ட கேஸ் அது. எங்கள் ஊற்றுத் தண்ணீர் மழைத் தண்ணீருக்குப் பக்கத்து வீடு: உப்பு கிடையாது, கெட்டிலில் வெள்ளை படியாது, டீக்கு அமிர்தம். பேப்பர் வைத்துப் பார்த்தால் பி.எச். 6-ஐ ஒட்டி. கொஞ்சம் புளிப்புள்ள இந்த மென்னீர் துத்தநாகம் அதிகமுள்ள பித்தளையை இப்படித்தான் தின்னும். கன்மெட்டலில் துத்தநாகம் 5 பங்குதான், அதனால் தப்பிக்கும்.

ஆனால் முறித்தது வாட்ச்மேன் அண்ணன் கால். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தேன், தண்ணீர் ஓடாதபோது 14 கிலோ, அதாவது தொட்டி 140 மீட்டர் மேலே. 200 லிட்டர் பீப்பாய் 1 நிமிடம் 40 விநாடியில் நிரம்பியது, குழாய்க்குள் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று வருகிறது. மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து 1898-ல் ரஷ்ய விஞ்ஞானி ஜுகோவ்ஸ்கி கொடுத்த கணக்குப்படி, இரும்புக் குழாயில் 1 மீட்டர் வேகத்தைச் சட்டென்று நிறுத்தினால் 13 பார் போல ஏறும். சட்டென்று என்றால், அழுத்த அலை மேலே போய்த் திரும்ப ஆகும் நேரத்துக்குள். 400 மீட்டருக்கு அது 0.6 விநாடி. காலால் தட்டுவதற்கு அதுவே தாராளம். இருக்கும் 14-ம் ஏறும் 13-ம் சேர்ந்தால் 27. பி.என். 16 வால்வின் உடம்பை ஒன்றரை மடங்கில், 24 பாரில் சோதித்து அனுப்புகிறார்கள். தினமும் ராத்திரி அதைத் தாண்டி ஒரு சோதனை நாங்கள் இலவசமாகச் செய்துகொண்டிருந்தோம்.

ஸ்டோரில் ஒரு வார்ப்பிரும்பு ஸ்லூஸ் வால்வு (தண்ணீர் லைனுக்கான கேட் வால்வு) கிடந்தது, அதன் மேல் பி.என். 1.6. "ஒண்ணே முக்கால் கிலோகூடத் தாங்காது, தூக்கிப் போடுங்க" என்றார் ஸ்டோர் கீப்பர். அது ஐ.எஸ். 14846 வால்வு, அந்தத் தரத்தில் எண் மெகா பாஸ்கலில் இருக்கும், 1.6 என்றால் 16 பார். பத்து மடங்கு பிசகு. எடைக்குப் போட இருந்த நல்ல வால்வு தப்பியது.

அதை மேல்தொட்டி வெளிவாயில் மாட்டினோம். பாதி உயரத்தில் 500 லிட்டர் தொட்டி ஒன்று வைத்து அழுத்தத்தை அங்கே உடைத்தோம், கீழே இப்போது 7 கிலோதான். அந்தத் தொட்டிக்கு வீட்டு மொட்டைமாடி ஃப்ளோட்டை மாட்டி ஒரு ராத்திரி முழுக்கத் தேயிலைச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சினேன், பிறகு ஹை பிரஷர் ஃப்ளோட் வாங்கினேன். அடியில் பால் வால்வு இருந்த இடத்தில் கன்மெட்டல் கேட் வால்வு, அதே ஐ.எஸ். 778. இங்கே அது சொந்த வீட்டில் இருக்கிறது.

இன்னொன்று மாமாவின் தைலம் காய்ச்சும் ஷெட், ஊட்டிப் பக்கம். ஆவியைக் குளிர்விக்கும் கண்டன்சருக்கு அடுத்து, தைலத்தையும் தண்ணீரையும் பிரிக்கும் தொட்டியிலிருந்து தைலம் எடுக்கும் லைனுக்கு, எங்களிடம் மீந்திருந்த 2 அங்குல பட்டர்ஃப்ளை வால்வை (ரப்பர் வளையத்துக்குள் தட்டு திரும்பி மூடும் வகை) நான்தான் பெருந்தன்மையாகக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் போன் வந்தது, "மாப்பிள்ளை, உன் வால்வு திரும்ப மாட்டேங்குது." கழற்றினால் உள்ளே ரப்பர் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. இ.பி.டி.எம். ரப்பர், வெந்நீரில் வருடக்கணக்கில் நிற்கும், எண்ணெய் பட்டால் குடித்துக் குடித்து வீங்கும். யூகலிப்டஸ் தைலமும் அதற்கு எண்ணெய்தான். ஸ்டீமுக்கு வேண்டாம் என்று நான் ஒதுக்கிய பி.டி.எஃப்.இ. சீட் பால் வால்வு அங்கே பொருத்தம், இரும்பு பட்டால் தைலம் நிறம் மாறுமென்பதால் உடம்பும் எஸ்.எஸ். காசு நான் கொடுத்தேன்.

பாய்லர் நின்ற வாரம் வெல்டர் வந்து இரண்டு ஃபிளாஞ்சையும் மாற்றினார். பழைய கேஸ்கெட் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருக்கும் என்று சந்தேகம், அதனால் காய்ந்தபடி சுரண்டாமல் தண்ணீர் தெளித்து ஈரமாகவே எடுத்து, கவரில் கட்டி வைத்தோம். புதுசுக்கு கிராஃபைட் ஸ்பைரல் கேஸ்கெட். அம்புக்குறி பார்த்து, ஸ்டீம் டிஸ்க்குக்கு அடியிலிருந்து வரும்படி வைத்தேன். வீல் மேல்நோக்கி இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் குளோப் வால்வுக்குள் சீட்டைத் தாங்கும் சுவர் ஒரு குட்டி அணை, படுத்த லைனில் கண்டன்சேட், அதாவது ஸ்டீம் ஆறிய தண்ணீர், அதற்குப் பின்னால் தேங்கி, ஸ்டீம் வரும்போது அதை அள்ளிக்கொண்டு போய் இடிக்கும். அதனால் வீல் பக்கவாட்டில் வரும்படி படுக்க வைத்தோம். "என்ன இது, குடிச்சவன் மாதிரி சாஞ்சிருக்கு" என்று முதலாளி கேட்டார், விளக்கினேன், தலையை ஆட்டினார், நம்பினாரா தெரியவில்லை.

போல்ட்டை எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கி, ஸ்பிண்டிலைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்ட் கயிறைச் சாய்வாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் வெட்டும் அடுத்ததன் வெட்டுக்கு நேராக வராதபடி அடுக்கினோம். முதல் நாள் தண்ணீர் வடியும் டிரெய்ன் வாயைத் திறந்து வைத்து, வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து, தண்ணீர் போய் வெறும் ஸ்டீம் வரும்வரை இருபது நிமிடம் அப்படியே நின்றேன். கிளாண்டில் லேசாக ஆவி கசிந்தது, நட்டை இரண்டு பக்கமும் கால் கால் சுற்று கொடுத்ததும் நின்றது.

அன்று ராத்திரி டிரையரை நிறுத்தி வால்வை மூடிவிட்டு, அட்டெண்டர் அண்ணன் வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். "ஒண்ணும் கேக்கலை" என்று என்னிடம் நீட்டினார், எனக்கும் கேட்கவில்லை. வெளியே வந்தால் கீழே தண்ணீர் லைனில் வாட்ச்மேன் அண்ணன் புது கேட் வால்வு வீலைச் சுற்றிக்கொண்டிருந்தார், ஒன்பது சுற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு முனகல். "காலாலயே முடிச்ச வேலை தம்பி" என்றார் என்னைப் பார்த்ததும்.